வித்தியாசம் தெரியுதா சார்?

கேம் கன்சோல் விற்கிறவளுக்கு ஊர்க்காரர்களின் கண் எப்படிப்பட்டது என்று கண் டாக்டரைவிட நன்றாகத் தெரியும்.

கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்றே கால் வீங்கிப்போன என் இனத்தாரே, நீங்கள் புடவைக் கடையில் நின்றாலும் செருப்புக் கடையில் நின்றாலும் நான் சொல்லப் போவது உங்களுக்குப் புரியும். தஞ்சாவூரில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் வேலை பார்க்கிறேன். கீழ்த்தளம் முழுக்க மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. வாசலை ஒட்டிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் டிவியில் மாட்டி விளையாடும் கேம் கன்சோலுக்கென்று ஒரு மூலை இருந்தது. முதலாளியிடம் நடையாய் நடந்து நான் கேட்டு வாங்கிய மூலை அது. பெண் என்றால் குக்கர்தான் விற்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் பொழுது சாயும் வரை விளையாடுகிறவள் நான். விற்கிற பொருளை விளையாடிப் பார்த்து விற்கிற ஒரே ஆள் அந்தக் கடையில் நான்தான்.

மூலையில் ஒரே மாதிரி இரண்டு பெரிய டிவி வைத்திருந்தேன். ஒன்றில் சின்ன மாடல் ஓடும், மற்றதில் பெரிய மாடல். இரண்டிலும் ஒரே விளையாட்டுதான். மழையில் ஒரு படகு போகும், படகில் ஒரு விளக்கு எரியும். பெரிய மாடலில் அந்த விளக்கின் வெளிச்சம் தண்ணீரில் விழுந்து அலையோடு ஆடும். சின்ன மாடலில் தண்ணீர் வெறுமனே கிடக்கும். பெரியதன் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. கூடுதல் காசு எதற்கு என்று வாய் வலிக்க விளக்காமல் கண்ணாலேயே காட்டிவிடலாம் என்று நினைத்தேன். அவ்வளவு நல்ல எண்ணம் எனக்கு.

தீபாவளிக்குப் பெரிய மாடல் ஒன்றே ஒன்றுதான் போனது. அதன் லட்சணத்தைப் பிறகு சொல்கிறேன். பண்டிகை முடிந்ததும் முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கெடு வைத்தார்: "தை முகூர்த்தம் முடியறதுக்குள்ள பெரிய மாடல் ஒண்ணாவது போகணும் ஜெசிந்தா. இல்லேன்னா அந்த எடத்துல கிரைண்டரை ஏத்திருவேன். நீ செல்வராசுகிட்ட போய் நின்னுக்க."

செல்வராசு கிரைண்டர் பிரிவுக்காரன். எனக்குப் பின்னால் சேர்ந்தவன். அவனிடம் போய் நிற்பதா என்று அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆம்பளை ஆலோசனை

கெடு வைத்த வாரமே ஒருவர் வந்தார். கூடவே பொறியியல் படிக்கும் மகன். அவன் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. நான் இரண்டு மாடலையும் காட்டி, உங்கள் வீட்டு டிவி எத்தனை இன்ச், ஃபோர்-கே டிவியா, டிஸ்க் போட்டு விளையாடுவீர்களா, டவுன்லோடு செய்வீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் எனக்குப் பின்னாலிருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், "ஆம்பள ஆளு யாராச்சும் இருந்தா கொஞ்சம் கூப்பிடும்மா" என்றார்.

செல்வராசைக் கூப்பிட்டேன். அவன் கன்சோலைத் தொட்டதுகூடக் கிடையாது. வந்தவன் இரண்டு பெட்டியையும் தட்டிப் பார்த்தான். "ரெண்டுமே நல்லா ஓடும் சார். சத்தம் வராது. மோட்டார் வாரண்டி அஞ்சு வருசம்" என்றான். கன்சோலில் மோட்டாரா! அந்த மகனாவது சிரிப்பான் என்று பார்த்தேன். அவன் தலையைத் தூக்கினால்தானே. அப்பா மட்டும் நிறைவாகத் தலையாட்டி, யோசித்து வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். போகும்போது எனக்கு ஒரு புத்திமதியும் கொடுத்தார்: "இப்புடித்தாம்மா சொல்லணும். ரெண்டே வார்த்தை, எவ்வளவு தெளிவா இருக்கு பாரு."

முடி முடியாகத் தெரிந்தது

கிராபிக்ஸ் தெரிந்தவர்கள் என்று ஒரு வகை உண்டு. இவர்கள் யூடியூப் பார்த்துவிட்டு வருவார்கள். கும்பகோணத்திலிருந்து வந்த ஒருவர் மனைவியை நடுவில் நிறுத்திக்கொண்டு பாடம் எடுக்கத் தொடங்கினார். "நீ சும்மா பாக்காத. நெழல்ல பாரு, ஓரத்துல பாரு. இடது பக்கம் இருக்கறதுதான் வெல கூடினது. முடி முடியாத் தெரியுது பாரு. வலது பக்கம் எல்லாம் மொழுமொழுன்னு இருக்கு." அந்த அம்மா கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துவிட்டு, எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்றார். "உனக்குக் கண்ணாடி மாத்தணும்" என்று அவர் முடித்துவிட்டார்.

அன்று காலை பெரிய மாடலுக்கு அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் சின்ன மாடலின் படத்தையே இரண்டாகப் பிரித்து இரண்டு டிவிக்கும் கொடுத்திருந்தேன். இடது பக்கம் முடி முடியாகத் தெரிந்ததும் வலது பக்கம் மொழுமொழுவென்று இருந்ததும் ஒரே பெட்டியிலிருந்து வந்த ஒரே படம். இதை அவரிடம் சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. மனைவி முன்னால் ஒரு மனிதனைக் கவிழ்த்தால் வியாபாரம் நடக்காது என்பது தொழில் பாடம், அதனால் விழுங்கிவிட்டேன். விழுங்கியும் வியாபாரம் நடக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வித்தியாசம் நல்லாவே தெரியுது மேடம். ஆனா அந்த வித்தியாசத்துக்கு இவ்வளவு குடுக்கணுமான்னுதான் பாக்குறேன்."

தென்னந்தோப்பில் ஃபோர்-கே

தீபாவளிக்குப் போன அந்த ஒரே பெரிய மாடலின் கதை இது. வாங்கியவர் பட்டுக்கோட்டைப் பக்கம் தேங்காய் வியாபாரி. கடைக்கு வந்தார், இருப்பதிலேயே விலை கூடியது எது என்று கேட்டார், வாங்கினார், போனார். வீட்டில் டிவி என்ன என்று கேட்டேன். "பெரிய டிவிதான்" என்றார். நான் நம்பினேன்.

மாட்டிக் கொடுக்க நானே போனேன். தோப்புக்கு நடுவில் நல்ல மாடி வீடு. கூடத்தில் இருந்தது முன்பொரு காலத்தில் அரசு இலவசமாகக் கொடுத்த கலர் டிவி. வயிறு பின்னால் தள்ளிக்கொண்டிருக்குமே, அதேதான். கன்சோலின் வயரைச் செருக அதில் ஓட்டையே கிடையாது. கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி வரச் சொல்லி எப்படியோ படத்தை வரவழைத்தேன். தோப்பில் மோட்டார் ஓடும்போதெல்லாம் வோல்டேஜ் இறங்கிப் படம் சுருங்கும், நிறுத்தினால் விரியும். படகு எது தண்ணீர் எது என்று எனக்கே தெரியவில்லை. ஐயா, இந்தப் பெட்டியின் அருமை தெரிய வேண்டுமானால் டிவியை மாற்றுங்கள், டிவியை மாற்ற மனமில்லை என்றால் இதில் பாதி விலைக்குச் சின்ன மாடலே உங்களுக்குப் போதும் என்று நியாயமாகத்தான் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "படத்தைப் போடுறது பொட்டிதானே? டிவி சும்மா காட்டத்தானே போவுது? அது பாட்டுக்குக் காட்டட்டும்."

பெங்களூர் மகன்

மார்கழியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கைபேசியை முன்னால் நீட்டிப் பிடித்தபடி உள்ளே வந்தார். கைபேசிக்குள் பெங்களூரில் வேலை பார்க்கும் மகன். "கேளுப்பா, மேடம் சொல்லுவாங்க" என்று கைபேசியை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். பையன் விவரமானவன்தான். வினாடிக்கு எத்தனை படம் ஓடும், வெளிச்சத்தைத் தண்ணீரில் ஆட விடும் அந்த ரே டிரேசிங் இரண்டிலும் உண்டா, சின்னதை வாங்கிப் பிறகு மெமரி கூட்டிக்கொள்ளலாமா, மொத்தத்தில் எது லாபம் என்று கேட்டுக்கொண்டே போனான். எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. எத்தனை மாதம் கழித்து ஒரு மனுஷன் மனுஷ பாஷை பேசுகிறான்! கைபேசியை வாங்கி இரண்டு டிவிக்கும் நேரே பிடித்துத் தண்ணீரையும் விளக்கையும் காட்டினேன். உட்காரக்கூட மறந்து விளக்கிக்கொண்டிருந்தேன். ஆசிரியருக்குக் கை வலித்திருக்கும், பாவம், அவர் ஒரு ஸ்டூல் தேடி உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் பையன், "சூப்பர் மேடம், பெரிய மாடல்தான். கன்ஃபார்ம்" என்றான். நான் பில் போடத் திரும்பினேன். "அப்பா, நீங்க வந்துருங்க. நான் இங்கேயே ஆன்லைன்ல போட்டுக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டான். ஆசிரியர் நல்ல மனிதர், வெறுங்கையோடு போகக் கூசினார். சுவர்க் கடிகாரத்துக்கு இரண்டு பேட்டரி வாங்கிக்கொண்டார். சட்டைப் பையில் அதைப் போட்டபடி மனம் நிறைந்து வாழ்த்தினார்: "ரொம்ப நல்லா வெளக்குனீங்கம்மா. பாவம், அங்க அவனுக்குச் சொல்லித் தர ஒரு ஆளு இல்லாம தவிச்சுக்கிட்டிருந்தான்."

கரண்ட் பில்

பொங்கலும் வந்து போனது. கோலமும் கரும்பும் ஜோடித்து மூலையைப் பளபளவென்று வைத்திருந்தேன். கடைக்கு எதிரே பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் வந்து நின்று பார்த்தார்கள். ஏசி காற்று வாங்கினார்கள். ஒருவர் அந்தப் படகு விளையாட்டை சீரியல் என்று நினைத்து, விளம்பரம் எப்போது வரும் என்று என்னிடம் கேட்டார். முதலாளி கல்லாவில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று கடை சாத்தும்போது கேட்டார்: "ஒருத்தனுக்கும் வித்தியாசம் தெரியல. அப்பறம் எதுக்கும்மா ரெண்டு டிவி ஓடுது?"

மாமன் சீர்

தை முடியப் போகிற நேரத்தில் வந்தார் இளங்கோவன். ஒரத்தநாட்டுப் பக்கம் விவசாயம். சம்பா அறுவடை முடித்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டுக் கையில் காசோடு வந்திருந்தார். கடைக்குள் காலை வைக்கும்போதே பேசிக்கொண்டு வந்தார். "அக்கா மவளுக்கு மஞ்ச நீராட்டு. நான்தான் மூத்த மாமன். புள்ள வீடியோ கேம்தான் வேணும்னு வாய் தொறந்து கேட்டுருச்சு. இருக்கறதுலயே நல்லதாக் குடுங்க. வெலையப் பத்திப் பேச வேணாம்."

இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை நாள் காத்துக் கிடந்தேன் தெரியுமா! அதுவும் ஒரு பெண் பிள்ளை கேட்டிருக்கிறாள். சேலை வேண்டாம், வளையல் வேண்டாம், கேம் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். முகம் தெரியாத அந்தப் பிள்ளை மேல் எனக்கு அப்படியொரு பாசம் பொங்கியது. இளங்கோவனை டிவி முன்னால் நிறுத்திப் படகைக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. "பொட்டிய எடுங்க" என்றார். எடுத்து வைத்தேன். புதிதாக வந்த பெரிய மாடல் மெலிந்துதான் வருகிறது, அட்டைப் பெட்டியும் சிறியது. அவர் அதைத் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "இம்புட்டுத்தானா?"

உள்ளே இருக்கும் பொருளின் மகிமையைச் சொல்லத் தொடங்கினேன். "உள்ள இருக்கறத யாருங்க பாக்குறா? தாம்பாளத்துல வெச்சு, மேளம் முன்னால போக, தெருவச் சுத்தித் தூக்கிட்டுப் போவணும். என் தம்பி பீரோ எறக்குறான். பீரோவுக்குப் பின்னால நான் இதத் தூக்கிட்டுப் போனா, டிபன் பாக்ஸ் கொண்டாந்துருக்கான்னு சொல்லுவாங்க." கிளம்பத் தயாராகிவிட்டார். என் மூலை என் கண்முன்னால் வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தது.

செல்வராசுதான் குறுக்கே வந்தான். "சார், டப்பா பெருசா இருக்கணும், அவ்வளவுதானே?" கிடங்குக்குப் போய் டில்டிங் கிரைண்டரின் காலி அட்டைப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தான். நானே உட்கார்ந்து நாலு பக்கமும் தெர்மோகோல் அடைத்து, நடுவில் கன்சோலை வைத்துக் கட்டினேன். மேலே ஜிகினாப் பேப்பர் சுற்றிவிடலாம் என்றேன். "சுத்திட்டா உள்ள என்னமோ மொறத்த வெச்சிருக்கான்னு நெனைப்பாங்க. கம்பெனி பேரு வெளியில தெரியணும், அதுதான் கெத்து" என்று தடுத்துவிட்டார். என்ன கம்பெனி, என்ன படம் என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். இரண்டு ஆள் பிடித்துப் பெட்டியை வேனில் ஏற்றினார்கள். இளங்கோவன் தள்ளி நின்று பார்த்துப் பூரித்துப்போனார்: "இப்பத்தாங்க இது சீரு மாதிரி இருக்கு."

டப்பாவில் இருந்த படம்

நான் ஜெயித்துவிட்டேன் என்று ஒரு வாரம் இருந்தேன். முதலாளியும் சிரித்த முகமாக இருந்தார். தையின் கடைசி முகூர்த்தத்தன்று ஒரு அம்மா உள்ளே வந்தார். கையில் என் கன்சோல், கட்டுக்கூடப் பிரிக்காமல். பக்கத்தில் புதுப் பாவாடை தாவணியில் ஒரு பிள்ளை, எட்டாவது படிக்கிற வயசு. இளங்கோவனின் அக்காவும் அவர் மகள் யாழினியும். பரீட்சை முடியட்டும் என்று அம்மா பெட்டியைப் பரண் மேல் ஏற்றிவிட்டாராம்.

"இத எடுத்துக்கிட்டு கிரைண்டரக் குடுத்துருங்க" என்றார் அந்த அம்மா. எனக்குப் புரியவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். "மைக்குல 'மூத்த தாய்மாமன் சீரு, டில்டிங் கிரைண்டர் ஒண்ணு'ன்னு படிச்சிட்டாங்க. டப்பாவப் பாத்துத்தானே படிப்பாங்க? ஊரே கேட்டுச்சு. இப்ப வீட்டுக்கு வர்றவங்கல்லாம் அடுப்படிய எட்டிப் பாத்து, கிரைண்டர் எங்கன்னு கேக்குறாங்க. உங்க தம்பி காலி டப்பாவத் தூக்கிட்டு வந்து ஊர ஏமாத்திட்டாருன்னு எங்க நாத்தனார் சொல்லிக்கிட்டுத் திரியறா. என் தம்பிக்கு இந்தப் பேரு வரலாமா?"

அம்மா, இதன் விலைக்கு அந்த மாதிரி கிரைண்டர் எத்தனையோ வாங்கலாமே, ஆசையாகக் கேட்ட பிள்ளையாயிற்றே என்று மன்றாடிப் பார்த்தேன். "வெல எங்களுக்குத் தெரியுங்க. ஊருக்குத் தெரியுமா? டப்பாவுல என்ன படம் போட்டிருந்துச்சோ அதக் குடுங்க" என்று ஒரே பிடியாக நின்றார். செல்வராசு முகமெல்லாம் பல்லாகக் கிரைண்டர் எடுத்துக் காட்டினான். மிச்சப் பணத்துக்கு ஒரு வாஷிங் மெஷினையும் தள்ளிவிட்டான். முதலாளி கன்சோல் பில்லை ரத்து செய்தார். என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

யாழினி அம்மாவின் பக்கத்திலிருந்து நகர்ந்தாள். மூலைக்கு வந்து இரண்டு டிவியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பொழுது போகட்டும் என்று கண்ட்ரோலரை அவள் கையில் கொடுத்தேன். இதில் கொஞ்ச நேரம், அதில் கொஞ்ச நேரம் ஓட்டினாள். நான் எதையும் விளக்கவில்லை. விளக்கிக் கிழித்தது போதும் என்று இருந்தேன். வேன்காரர் ஹாரன் அடித்ததும் கண்ட்ரோலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெரிய மாடல் ஓடிய டிவியைக் காட்டி மெல்லக் கேட்டாள்: "அக்கா, இதுல மட்டும் படகு வெளக்கு தண்ணியில விழுது, அதுல விழல. எங்க வீட்டுக்கு வந்தது இதுதானே?"

மாவு

மறுநாளே டிவி இரண்டும் மாடிக்குப் போய்விட்டன. என் மூலையில் கிரைண்டர்கள் ஏறின, நான் செல்வராசிடம் போய் நின்றேன். அவன் பெரிய மனது பண்ணி எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தான்: "மோட்டார் வாரண்டிய மட்டும் மறக்காமச் சொல்லிருங்க ஜெசிந்தாக்கா. மத்தத அவங்களே பாத்துக்குவாங்க."

அவன் சொன்னது உண்மைதான். முந்தாநாள் வேதாரண்யத்திலிருந்து ஒரு அம்மா பஸ் பிடித்து வந்தார். இரண்டு கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தது, ஒன்று விலை குறைந்தது, ஒன்று கூடியது. நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டிலும் விரலை விட்டு எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரலைத் திருப்பிப் பார்த்தார். எனக்கு இரண்டு மாவும் ஒன்றுபோலத்தான் இருந்தது. விலை எவ்வளவு கூட என்று அவர் கேட்கவே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு கூடியதைக் காட்டி, "இதப் போடுங்க. அதுல குருணை நிக்குது, கண்ணு தெரியலயா உங்களுக்கு?" என்றார்.

ஆக, நம் ஊர்க்காரர்களின் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, அது இட்லியைத் தாண்டிப் போகாது, அவ்வளவுதான்.